அந்த ஆறு நிமிஷம்

…ஆறு நிமிஷம்! அஞ்சு இல்ல, ஏழு இல்ல, எண்ணி ஆறு நிமிஷம்! எட்டு மணிக்குக் கெளம்ப வேண்டிய வண்டி எட்டு ஆறுக்குக் கெளம்புது. நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். இன்னிக்காவது நேரத்துக்கு எடுப்பாங்கன்னு நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். உக்காருங்க, உக்காருங்க. பையைக் குடுங்க, மடியில வச்சுக்கறேன். ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க, இன்னிக்கு ஒரு நாள் தரமாட்டேன். இருவத்திரண்டு வருஷமா இதே வண்டியில நின்னுக்கிட்டே போறவ நான். கண்டக்டருங்க. இன்னிக்கு லீவு. அதோ பின்னாடி விசில் ஊதறான் பாருங்க, அவன் என்கிட்டதான் வேலை கத்துக்கிட்டான். நல்லா ஊதறான், இல்ல?

இந்த டிரைவர் இருக்காரே, அவரு டீயை நிறுத்திட்டாருன்னு சொன்னாங்க. டாக்டர் சொல்லிட்டாராம், இப்ப வெறும் வெந்நீர்தானாம். அப்பாடா, டீ குடிக்கற ஆறு நிமிஷம் மிச்சம்னு நான் கணக்குப் போட்டேன். மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? வெந்நீரை ஆறு நிமிஷம் ஊதி ஊதிக் குடிச்சாரு! ஒரு கால் படியில, ஒரு கால் தரையில, நின்ன வாக்குல. பாத்தா பாவமாவும் இருக்கு, எரிச்சலாவும் இருக்கு.

அவரைச் சொல்லியும் குத்தமில்ல. காலையில அஞ்சரைக்கு எடுத்த வண்டி. ஒரு ரவுண்டு போயிட்டு ஏழு அம்பத்துநாலுக்கு வந்து நிக்கணும்னு டைம் ஷீட்டுல போட்டிருக்கு. ஆறு நிமிஷம் ஓய்வு, எட்டு மணிக்கு மறுபடி எடு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டி எட்டு மணிக்குத்தான் வந்தே சேரும். ஏழு அம்பத்துநாலுக்கு அது வந்து நான் பாத்ததே இல்ல. அப்ப அந்த மனுஷன் எப்பத் தொண்டைய நனைக்கறது, எப்ப ஒண்ணுக்குப் போறது? சொல்லுங்க. ஒரு நாளைக்கு மூணு ரவுண்டு, மூவாறு பதினெட்டு நிமிஷம் எங்க போகும்? எங்க வயித்துலேர்ந்துதான் போகும்!

எவனோ ஒரு அறிவாளி, ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு, கால் மேல கால் போட்டுக்கிட்டு எழுதின ஷீட்டுங்க அது. ஏழு வருஷமா மாத்தல. எங்க டெப்போவுல காலையில வந்ததும் எல்லாரும் மொதல்ல அவனைத்தான் திட்டுவாங்க. நானும் திட்டுவேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்குத்தான் வகையா வரும். நான் ஆரம்பிச்சேன்னா மத்தவங்க டம்ளரைக் கீழ வச்சுட்டுக் கேப்பாங்க. அவன் குடும்பத்துல ஒருத்தரையும் விடமாட்டேன்.

இவளுக்கு என்ன இவ்வளவு பதட்டம்னு பாக்கறீங்களா? பாக்கலையா? பரவால்ல, சொல்றேன். பரீட்சைங்க! இந்த வயசுல! டைம் கீப்பர் பரீட்சை. டெப்போ வாசல்ல ஒரு ரூம் இருக்கு, ரெண்டு பக்கமும் ஜன்னல், நடுவுல ஒரு நாற்காலி. சுத்தற நாற்காலி! எந்த வண்டி எப்பப் போச்சு, எப்ப வந்துச்சு, எந்த ரூட்டுக்கு எத்தனை நிமிஷம், எல்லாம் அந்த நாற்காலியில இருக்கறவங்க வச்ச சட்டம். அதுல இப்ப இருக்கறவரு ரிட்டயர் ஆகறாரு. நான் ரெண்டு தடவ எழுதிட்டேன், ரெண்டு தடவையும் இந்த வேகம், தூரம், நேரம் வருதே, அந்தப் பகுதியில குப்புற விழுந்தேன். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும். இதுதான் கடைசி. என் முட்டி எக்ஸ்ரே படத்தைப் பாத்துட்டு டாக்டர் கேக்கறாரு, என்னம்மா வேலை பாக்கறீங்கன்னு. நிக்கற வேலைங்கன்னேன்.

பரீட்சை நடக்கற பள்ளிக்கூடத்துக் கேட்டை ஒம்பது முப்பத்தஞ்சுக்குச் சாத்திருவாங்க. அதுக்கப்புறம் யாரு வந்து அழுதாலும் தெறக்க மாட்டாங்க. எட்டு மணி வண்டி, ஒண்ணரை மணி நேரம், ஒம்பதரைக்குப் போய்ச் சேரும், கையில அஞ்சு நிமிஷம் இருக்கு, இதான் என் கணக்கு. கையில இருந்தது அஞ்சு, போனது ஆறு. ஒரு நிமிஷத்துக்கு நான் எங்க போவேன்? ஏழு மணி வண்டியில வந்திருக்கலாமேன்னு உங்க முகத்துல தெரியுது. போன தடவ அப்படித்தான் வந்தேன். ஒரு மணி நேரம் முந்தி வந்து கேட்டுகிட்ட நின்னேன். சுத்தி நின்னதுங்க எல்லாம் அந்தச் சூத்திரம் தெரியுமா, இந்தச் சூத்திரம் தெரியுமான்னு பேசிப் பேசி, உள்ள போகும்போது எனக்கு என் பேரே மறந்துபோச்சு.

அட! அது என்ன மஞ்ச அட்டை? அந்தக் கணக்குப் புஸ்தகமா? நீங்களும் பரீட்சைக்கா? வேற பரீட்சையா, சரி, எந்தப் பள்ளிக்கூடம்? அதே கேட்டா! அதே ஒம்பது முப்பத்தஞ்சா! அடடா, இவ்வளவு நேரம் வாங்க போங்கன்னு பேசிக்கிட்டிருக்கேன் பாரு. என் தங்கச்சி வயசுதான் இருக்கும், நீன்னே சொல்றேன். படி படி, நீ படி. நான் பேசாம வர்றேன்.

…எந்தக் கணக்கு போட்டுக்கிட்டிருக்க? இல்ல, சும்மா கேட்டேன். ரயில் பிளாட்பாரத்தைக் கடக்கறதா? அதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பிளாட்பாரத்தை ரயில் எதுக்கும்மா கடக்கணும்? நிக்கறதுக்குத்தானே கட்டி வச்சிருக்கு? உள்ள இருக்கறவன் எறங்க வேணாமா? வெளிய பெட்டியோட நிக்கறவன் ஏற வேணாமா? நூத்தம்பது மீட்டர் ரயிலு, முந்நூறு மீட்டர் பிளாட்பாரம், சர்ருன்னு போயிட்டானாம், எத்தனை நொடின்னு கேக்கறான். புகார் எழுதறதுக்கு எத்தனை நொடின்னு கேட்டாலும் ஒரு நியாயம் இருக்கு!

திருடன் கணக்கு பாத்தியா? திருடன் ஓடறான். அரை மணி நேரம் கழிச்சு போலீஸ்காரர் துரத்தறாரு. அரை மணி நேரம் என்னய்யா பண்ணாரு? அவரும் வெந்நீர் குடிச்சாரா? சரி, துரத்தறாரு. ரெண்டு பேரும் ஒரே சீரா ஓடறாங்களாம், நேர் ரோட்டுல. ஒரு சந்து கெடையாதா? அந்தத் திருடனுக்கு மூச்சு வாங்காதா? போலீஸ்காரருக்குத் தொப்பை இருக்குமே, அதைக் கணக்குல சேத்தியா? எங்க பிடிப்பாருன்னு கேக்கறான். எப்படியும் பிடிச்சிருவாருன்னு அவனே முடிவு பண்ணிட்டான் பாரேன்!

போன தடவ நான் எங்க விழுந்தேன் தெரியுமா? மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகம், எம்பது கிலோமீட்டர் தூரம், எவ்வளவு நேரம்? நான் ரெண்டு மணி நாப்பது நிமிஷம்னு எழுதினேன். சிரிக்காத! ஸ்டாப் வராதா? ஏறுறவங்க ஏற வேணாமா? எம்பது கிலோமீட்டருக்கு நாப்பது நிமிஷம் நிக்காம ஒரு வண்டி போனா, வழியில நின்னவங்க சும்மா விடுவாங்களா? எம்பொண்ணு எட்டாவது படிக்கறா, அவதான் எனக்கு வாத்தியார். அம்மா, கணக்குல ஸ்டாப்பே கெடையாதும்மான்னா. ஸ்டாப் இல்லாத ரூட்டு எங்கடி இருக்குன்னேன். அவ உடனே, அப்பான்னு கூப்பிட்டா.

அவரு டெய்லர். கழுத்துல டேப்பைத் தொங்கவிட்டுக்கிட்டு, மெஷினை மிதிச்சுக்கிட்டே கணக்கு கேப்பாரு. பீரோ கதவு முழுக்க சூத்திரம் ஒட்டி வச்சிருக்கேன். பொடவை எடுக்கறதுக்குள்ள மூணு சூத்திரம் சொல்லியாகணும். மத்தபடி எனக்கு மனக்கணக்கு பிரமாதமா வரும், அதைச் சொல்லணும். ஒரு தடவ ஆபீஸ்ல ஒரு ஃபாரத்துக்கே நின்ன நிலையில கணக்குப் போட்டுக் குடுத்தேன், பேப்பர், பென்சில் ஒண்ணும் தொடாம. எல்லாரும் கை தட்டினாங்க.

என் கையில பேப்பர் குடுக்கக் கூடாதுன்னே எங்க வீட்டுல ஒரு சட்டம் இருக்கு. என்ன பேப்பர் வந்தாலும் நீளவாக்குல மடிச்சு விரல் இடுக்குல சொருகிக்குவேன். கண்டக்டர் கை அப்படித்தான். எனக்கே தெரியாது, அதுபாட்டுக்கு மடிக்கும். எம்பொண்ணு மார்க் ஷீட்டுக்குக் கையெழுத்துப் போடப் போனேன். டீச்சர் பேப்பரைக் குடுங்கன்னு கேக்கறாங்க, நானும் மேஜைக்கு அடியில எல்லாம் குனிஞ்சு தேடறேன். கடைசியில பாத்தா என் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல இருக்கு. எம்பொண்ணு வேற யாரோ மாதிரி ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டிருந்தா.

மணி என்ன? ஒம்பது பதினஞ்சா. இன்னும் மூணு கிலோமீட்டர். ஓடிருவான், ஓடிருவான். ஆனா கடைசியில ஒரு சிக்னல் இருக்கு, அது ஒண்ணுதான் எமன். அதுல மாட்டினா, அங்கேர்ந்து கேட்டு வரைக்கும் இருக்கற அறுநூறு மீட்டர் தூரத்தை ஒம்பது நிமிஷம் தேய்ப்பான்.

எங்க, அந்தப் பக்கத்தைத் திருப்பு. ஆங், இது! சராசரி வேகம். இது எனக்குத் தெரியும், இதுல மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது. போகும்போது மணிக்கு நாப்பது, அதே வழியில திரும்பும்போது அறுவது, சராசரி என்ன? நாப்பதும் அறுவதும் நூறு, பாதி அம்பது. முடிஞ்சுபோச்சு! என்ன தலையாட்டற? விடையில நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கா? எங்க காட்டு. …அட ஆமா. அச்சுப் பிழைம்மா இது! மஞ்ச அட்டை புஸ்தகத்துல இப்படித்தான் நெறைய வரும். இல்லேங்கறியா? சரி, பென்சிலைக் குடு. ஏதாவது ஒரு பேப்பர் குடு, அந்த நடுவுல வச்சிருக்கியே, அது போதும், பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு.

அவன் கணக்கு எதுக்கு, நம்ம வண்டியையே எடுத்துக்குவோம். அனுபவத்துக்கு மிஞ்சின புஸ்தகமா? இந்த ரூட்டு ஒரு பக்கம் முப்பது கிலோமீட்டர். காலையில இப்படி நெரிசல்ல உள்ள வரும்போது மணிக்கு இருவது. திரும்பிப் போகும்போது ரோடு காலி, மணிக்கு முப்பது. இருவதும் முப்பதும் அம்பது, பாதி இருவத்தஞ்சு. இது சின்னப் புள்ளைக்கே தெரியும். இப்ப உன் புஸ்தகத்து வழியில போட்டு, அது தப்புன்னு காட்டறேன் பாரு.

போறதுக்கு முப்பது கிலோமீட்டர், மணிக்கு இருவது… ஒண்ணரை மணி நேரம். சரியா? வர்றதுக்கு ஒரு மணி நேரம். ஆக ரெண்டரை மணி நேரம். தூரம் போக வர அறுவது. அறுவதை ரெண்டரையால வகுத்தா… பத்துக்கு நாலு, அறுவதுக்கு ஆறு நாலு… இருவத்துநாலு.

இருவத்துநாலா?

இரு, இரு. பேசாத. இன்னொரு தடவ போடறேன். ஒண்ணரை, ஒண்ணு, ரெண்டரை. அறுவது. …இருவத்துநாலுதான் வருது. ஆமால்ல! மெதுவாப் போற வண்டி ரோட்டுல அதிக நேரம் இருக்குமே. ஒண்ணரை மணி நேரம் இருவதுல போறான், ஒரு மணி நேரந்தான் முப்பதுல வர்றான். அப்ப எப்படி நடுவுல நிக்கும்? இருவது பக்கந்தானே சாயும்! அட, இவ்வளவுதானா விஷயம்! ரெண்டு வருஷமா எம்பொண்ணு தொண்டை கிழியக் கத்தினது இதைத்தானா! தங்கச்சி, நீ நல்லா இருப்ப. ஒரு வார்த்தை பேசாம எனக்குப் புரிய வச்சுட்டியே!

அப்ப இருவத்தஞ்சுன்னு போட்டா என்ன ஆகும்? அறுவது கிலோமீட்டருக்கு… நூத்தி நாப்பத்துநாலு நிமிஷம் வரும். நெசமா ஆகறது நூத்தம்பது. ரெண்டுக்கும் நடுவுல…

ஆறு.

…ஆறு நிமிஷம்.

தங்கச்சி, அந்த ஃபாரம்னு சொன்னேனே. ஏழு வருஷம் இருக்கும். டெப்போ கிளார்க் ஓடி வந்தாரு, அக்கா அக்கா, ரூட்டு சர்வே ஃபாரம் இப்பவே போயாகணும், போற வேகம் இருக்கு, வர்ற வேகம் இருக்கு, சராசரின்னு ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு, நீங்கதான் கணக்குல கெட்டின்னாரு. நான் அப்ப டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தேன். ஊதி ஒரு வாய் குடிச்சுட்டு, இருவத்தஞ்சுன்னு எழுதிக்கய்யான்னேன். கை தட்டினாங்கன்னு சொன்னேன்ல, இந்த டிரைவரும் தட்டினாரு. அந்த இருவத்தஞ்சை வச்சுத்தான் மேல ஷீட்டு போட்டிருக்காங்க. கிளார்க்கும் சரி பாக்கல, அவருக்கு மேல இருக்கறவரும் பாக்கல, ஆனா எழுதச் சொன்னது நான். ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்த அறிவாளி நான்தான்! ஃபேன் கூட இல்லாத அறிவாளி!

ஏழு வருஷம் நின்னுக்கிட்டே டீ குடிச்சிருக்காரும்மா அந்த மனுஷன். நாக்கு வெந்து போயிருக்கும். ஒரு நாளைக்குப் பதினெட்டு நிமிஷம் அவர்கிட்டேர்ந்து எடுத்தது நான். நானே எடுத்துட்டு, தெனமும் காலையில அவரோட சேந்து நின்னு திட்டியிருக்கேன் வேற. அவன் குடும்பத்துல ஒருத்தரையும் விடமாட்டேன்னு சொன்னேனே, பாவம் எங்க வீட்டுக்காரரு, மெஷினை மிதிச்சுக்கிட்டு அவருபாட்டுக்கு இருக்காரு! எனக்கு வெக்கமா இருக்கும்மா. சிரிப்பாவும் வருது, அழுகையாவும் வருது.

வண்டி நின்னுடுச்சா? ஆங், சிக்னல் வந்துடுச்சு, நான் சொன்ன அதே சிக்னல். என்ன எழுந்துட்ட? கால் மரத்துப்போச்சா? நில்லு, கொஞ்சம் நின்னா ரத்தம் ஓடும். பையா? இந்தா. புஸ்தகத்து ஓரத்துல என்னமோ அறுநூறு, நூறு, ஆறுன்னு கிறுக்கி வச்சிருக்கியே, அது எந்தக் கணக்கு? சொல்ல மாட்டியா, சரி. நான் என்ன சொல்ல வந்தேன்னா, காலையில வீட்டை விட்டுக் கெளம்பும்போது எனக்கு அந்த நாற்காலிதான் வேணும்னு இருந்துச்சு. சுத்தற நாற்காலி, முட்டிக்கு ஓய்வு, அவ்வளவுதான். இப்ப அது மட்டும் இல்ல. அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் ஷீட்டைத் தொட முடியும். வெளிய நின்னுக்கிட்டு நான்தான் தப்பு பண்ணேன், மாத்துங்கன்னு சொன்னா எவன் கேப்பான்? மனு எழுதுன்னுவான். அதை நான் மடிச்சு விரல் இடுக்குல… நீ என்ன நெனைக்கற? சொல்லேன். தங்கச்சி?

எங்க போனா இவ? சீட்டு காலியா இருக்கு.

ஜன்னல்ல அதோ போறா! பாரு பாரு, பிளாட்பாரத்துல விறுவிறுன்னு நடக்கறா. அடிப் பாவி, வண்டியை முந்திட்டாளே! அறுநூறு மீட்டர், நிமிஷத்துக்கு நூறு மீட்டர் நடை, ஆறு நிமிஷம். நான் ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்கறப்ப அவ இதைத்தான் ஓரத்துல போட்டிருக்கா! மணி ஒம்பது இருவத்தொம்பது. ரெண்டு நிமிஷமாச்சு அவ எறங்கி. சொல்லாமக் கொள்ளாம, ஒரு வார்த்தை… சரி, நான் எங்க சொல்ல விட்டேன்?

போகட்டும், நல்லா எழுதட்டும். நான் வண்டியிலயே வர்றேன். இருவத்திரண்டு வருஷ கண்டக்டர், ஸ்டாப் இல்லாத எடத்துல எறங்கினா நல்லாவா இருக்கும்… இது என்ன விரல் இடுக்குல?

ஐயோ. ஐயையோ! நீளவாக்குல மடிச்சு… முன்பக்கம் அவ போட்டோ! அவ ஹால் டிக்கெட்டும்மா இது! இதுலயா நான் கணக்குப் போட்டேன்!

தம்பி, வழி விடு, பின் படிக்கு வழி விடுப்பா! என்னது? ஸ்டாப் இல்லாத எடத்துல எறங்கக் கூடாதா? யாரு சொன்னா? நான்தான் சொல்லிக் குடுத்தேனா? நல்லா சொல்லிக் குடுத்திருக்கேன், நல்லா கத்துக்கிட்டிருக்க, இப்ப நகரு! அண்ணே! டிரைவர் அண்ணே! உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், சாயங்காலம் வந்து சொல்றேன். கொஞ்சம் கனமான விஷயம், உக்காந்து கேளுங்க!

…தங்கச்சீ! நில்லும்மா! …கேக்கல. சரி. அவ இருநூறு மீட்டர் முன்னாடி. அவ நிமிஷத்துக்கு நூறு, நான் ஓடினா நூத்தம்பது. தள்ளுங்க சார், பரீட்சை சார்! …நிமிஷத்துக்கு அம்பது மீட்டர் நெருங்குவேன். இருநூறுக்கு நாலு நிமிஷம். …அப்பா, முட்டி… நாலு நூத்தம்பது அறுநூறு. கேட்டுகிட்டதான் பிடிப்பேன். ஒம்பது முப்பத்துமூணு. திருடன் கணக்கேதான்! நல்லவேளை, நேர் ரோடு. சந்து எதுவும் இல்ல. …ஏன் லேட்டாக் கெளம்பினேன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க!

…இந்தா. இந்தா பிடி. பையைக் கொட்டித் தேடாத. இங்க இருக்கு… மூச்சு… மடிச்சு வச்சுட்டேன், மன்னிச்சுக்கம்மா. பின்னாடி கணக்கு இருக்கு, அழிச்சுரு. இல்ல, அழிக்காத, அது சரியான கணக்கு. ஐயா, கேட்டைச் சாத்தாதீங்கய்யா, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, என் வாட்ச் கண்டக்டர் வாட்ச், பொய் சொல்லாது. என் ஹால் டிக்கெட்டா? இருக்குங்க. பையில வச்சேன். பையில… இல்லையே… அட, இந்தக் கை விரல் இடுக்குல!

தங்கச்சி, போயிடாத, ஒரே ஒரு வார்த்தை. உள்ள போய்ப் பேச முடியாது, அதான். எனக்குப் பாஸ் ஆகணும்னு நீ ஒரு தடவ நெனச்சுக்க. நாற்காலிக்காக இல்ல. …சரி, நாற்காலிக்காகவுந்தான், எதுக்குப் பொய் சொல்லணும். மொத நாள், மொத வேலை, அந்த இருவத்தஞ்சை அடிச்சுட்டு இருவத்துநாலுன்னு எழுதுவேன். பக்கத்துல என் கையெழுத்தையும் போடுவேன், யாரு தப்புன்னு எல்லாருக்கும் தெரியட்டும். திட்டறவங்க திட்டட்டும். அப்ப ஷீட்டுலயே வண்டி எட்டு மணிக்கு வந்து, எட்டு ஆறுக்குக் கெளம்பும்ல? அந்த ஆறு நிமிஷம் அவரு உக்காந்து குடிக்கட்டும்மா அந்த வெந்நீரை.